கடனில் வரும் ஏழாவது பலெட்

கேள்வி: கிளிநொச்சி தருமபுரத்தில் இருக்கிறேன். பொம்பிளை வெளிக்கிடுத்துகிற (மணப்பெண் அலங்கார) வேலை. வருசத்துக்கு முப்பது வேலை மட்டில் வரும். கலியாணத்துக்கு 25,000, சாமத்தியவீட்டுக்கு 15,000 எடுக்கிறேன். ஐஷேடோ (இமைக்குப் பூசுகிற நிறப்பொடி) பலெட் ஆறு இருக்கு, எல்லாம் பன்னிரண்டு நிறப் பெட்டி, எல்லாம் மண்ணிறம், பிறவுண். வவுனியாவில் ஒன்லைனில் சாமான் விற்கிற மச்சாளிடம் எடுத்தவை. அவவுக்கு இன்னும் 11,500 குடுக்கவேணும். அதோட 60,000 குழுக்கடன்; கிழமைக்கு 1,430 கட்டுகிறேன், இன்னும் 31 கிழமை இருக்கு. போன மார்கழியில் வேலை இல்லாமல் சங்கிலியை அடைவு வைத்துத்தான் கட்டினேன். ஆவணியில் கனடாவில் இருந்து வாற ஒரு பொம்பிளை, என்ன பிராண்ட் பாவிக்கிறீங்கள் என்று கேட்டா. மச்சாள் 28,000க்கு ஒரு பலெட் இருக்கு, எடு, காசைப் பிறகு தா என்கிறா. 3,600க்கும் ஒன்று இருக்கு. இரண்டின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். என்னிடம் இருக்கிற மலிவுப் பெட்டிகளால்தான் மத்தியானத்துக்கு முன்னமே கண் மடிப்பில் கோடு விழுகிறது என்று நினைக்கிறேன். எடுக்கலாமா? இன்னொரு லோன் போடலாமா?

பதில்: தங்கச்சி, லோன் போடவேண்டாம். 28,000 பலெட்டும் வேண்டாம். 3,600 பலெட்டைக்கூட இந்த மாதம் எடுக்கவேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தில் 3,600 பெட்டிக்கு 12 நிறம், மொத்தம் 14.4 கிராம், குழிக்கு 1.2 கிராம். 28,000 பெட்டிக்கு 14 நிறம், 9.8 கிராம். ஒரு கிராம் ஒன்றில் 250 ரூபா, மற்றதில் ஏறக்குறைய 2,850. ஒரு பொம்பிளையின் இரண்டு கண்ணுக்கும் ஒரு நிறம் எவ்வளவு போகும்? தூரிகையில் இருந்து சிந்துவதையும் சேர்த்துத் தாராளமாக 0.03 கிராம் என்று வையுங்கள். நம்பாவிட்டால் தெரிந்த நகைக்கடைத் தராசில் பெட்டியை ஒருமுறை நிறுத்து, பத்து வேலை முடிய மறுபடி நிறுத்துப் பாருங்கள். வேலைக்கு நாலு நிறம் என்றால் 0.12 கிராம், முப்பது வேலைக்கு 3.6 கிராம். உங்கள் ஆறு பெட்டியும் இந்த அளவுதான் என்றால் கையில் 86 கிராம் இருக்கிறது. ஏறக்குறைய இருபத்துநாலு வருசத்துக்குக் காணும். ஆனால் பெட்டியின் பின்னால் மூடி திறந்த சிமிழின் படமும் அதற்குள் 12M அல்லது 24M என்றும் இருக்கும். திறந்தபின் அத்தனை மாதம்தான். ஆகவே மீதியைக் கொட்டத்தான் போகிறீர்கள்.

பெட்டிகளைத் திறந்து, அடித்தகரம் தெரிகிற குழி எத்தனை என்று எண்ணுங்கள். அநேகமாக ஒன்றோ இரண்டோ இருக்கும், அதுவும் ஒரே நடு பிறவுணாகத்தான் இருக்கும். தகரம் தெரியாமல் அடுத்த பெட்டி வாங்குவதுதான் உங்களைத் தின்கிற பழக்கம். மச்சாளின் "பிறகு தா" அதைச் சுலபமாக்குகிறது.

மச்சாள் ஒரு கணக்குச் சொல்வா: இரண்டு வருசத்தில் அறுபது வேலை, 28,000ஐ அறுபதால் பிரித்தால் வேலைக்கு 467 ரூபாதானே என்று. கணக்குச் சரிதான். ஆனால் முந்தின ஆறு பெட்டிக்கும் இதே அறுபது வேலைதானே கணக்குக் காட்டியது? ஒரே வேலையில் ஏழு பெட்டிக்கு விலை எடுக்க முடியாது.

குழுக்கடனைப் பாருங்கள். 1,430ஐ 52ஆல் பெருக்க 74,360. மேலதிகம் 14,360. வருசத்துக்கு 24 வீதம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கிழமைக்குக் கிழமை முதலைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள்; வருசம் முழுக்க உங்கள் கையில் சராசரியாக நின்றது முப்பதாயிரத்துச் சொச்சம்தான். அதற்குத்தான் 14,360 வட்டி. உண்மையில் நாற்பது வீதத்தைத் தாண்டுகிறது. மரத்தூள்போல உலர்ந்து கிடக்கிற ஐஷேடோவுக்கு இந்த வட்டி கட்டுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இனித் தரம். மண்ணிறம், பிறவுண், காவி, கபிலம் எல்லாம் இரும்பு ஒக்சைட்டில் வருகிற நிறங்கள். பெட்டியின் பின்னால் அவற்றின் இலக்கம் 77491, 77492, 77499 என்று இருக்கும்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. வெளிறவைக்க 77891, அது டைட்டேனியம் டயொக்சைட். 28,000 பெட்டியிலும் 3,600 பெட்டியிலும் இதே நாலு இலக்கமும் இருக்கிறதை உங்கள் படத்திலேயே பார்க்கலாம். இவை மலிவான, நன்றாக ஒட்டுகிற நிறப்பொடிகள். ஊதா, நீலம் மினுக்கல் இல்லாத "மேட்" நிறமாக வேண்டுமென்றால் மலிவுப் பெட்டி தடுமாறும்; பிறவுணில் அப்படித் தடுமாறத் தேவையில்லை. வித்தியாசம் வருவது டால்க் என்கிற வெள்ளைப் பொடி எவ்வளவு, எண்ணெய்ப் பசை எவ்வளவு, எவ்வளவு இறுக்கி அழுத்தியிருக்கிறார்கள் என்பதில்தான்.

அதைக் கடையில் விரலால் தேய்த்துப் பார்க்காதீர்கள். விரலின் சூடும் எண்ணெயும் எந்தப் பொடியையும் நல்லதாகக் காட்டும். மேட் நிறத்தை நீங்கள் வேலை செய்கிற தூரிகையால், முன்கையின் உட்பக்கத்தில், ஒன்றும் பூசாத தோலில் இழுங்கள். ஒரு தொடுகைக்குக் குழியைச் சுற்றித் தூள் மேடாகக் கிளம்பினால் அழுத்தம் காணாது; முகத்தில் கன்னமெல்லாம் சிந்தும், தருமபுரத்தில் இருந்து முல்லைத்தீவுக்கு பஸ்ஸில் போய் இறங்கும்போது குழி உடைந்திருக்கும். தூரிகையில் ஒன்றுமே ஏறாவிட்டால் மிதமிஞ்சி இறுக்கியிருக்கிறார்கள். இழுத்த கோட்டின் ஓரத்தைச் சுத்தமான தூரிகையால் கலையுங்கள். மெல்ல மங்கி மறைந்தால் நல்லது. திட்டுத்திட்டாகக் கழன்றால் விட்டுவிடுங்கள். மினுங்குகிற ஷிம்மர் நிறத்தை மட்டும் விரலால் பாருங்கள், அதைக் கண்ணிலும் விரலால்தான் வைக்கிறோம். கரடாக, மணல்போல் தட்டுப்படுகிற மினுக்கல் கண்ணருகே வேண்டாம்.

வெளிறிய நிறங்களில் கவனம். நம்முடைய தோலில் டால்க்கும் டைட்டேனியமும் கூடிய வெளிர் பீஜ் சாம்பல் பூத்ததுபோல் நிற்கும். மடிப்புக்கு வைக்கிற நிறம் பொம்பிளையின் தோலைவிட ஒரு படி கருமையாக, கொஞ்சம் காவி சாய்ந்திருக்கவேண்டும். பன்னிரண்டில் ஐந்து வெளிர் பீஜ் என்றால் உங்களுக்கு அது ஏழு நிறப் பெட்டிதான். விலையை ஏழால் பிரியுங்கள். இன்னொன்று: எல்லா நிறத்தையும் கையில் வரிசையாக இழுத்து, வெளியே வெயிலில் வைத்துக் கைத்தொலைபேசியால் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். ஒரே சாம்பலாகத் தெரிகிறவை கண்ணில் ஒரே வேலையைத்தான் செய்யும். உங்கள் ஆறு பெட்டியையும் இப்படி ஒருநாள் பாருங்கள். எத்தனை நிறம் இரட்டிப்பு என்று தெரியவரும்.

கண் மடிப்பில் கோடு விழுவது பலெட்டின் குற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. விடிய நாலு மணிக்குப் பூசி, பந்தலில் ஓமப்புகைக்கு முன்னால் பதினொரு மணி மட்டும் இருந்தால் வியர்வையும் இமை எண்ணெயும் பொடியை மடிப்புக்குள் தள்ளும். 28,000 பொடியும் அங்கேதான் போகும். இமையை ரிஷ்யூவால் ஒற்றி, கண் ப்ரைமரை (ஐஷேடோ நிற்க முதலில் பூசுகிற களிம்பு) நெல்மணி அளவு எடுத்து மெல்லியதாகத் தடவி, ஒரு நிமிடம் விட்டு, மடிப்பில் தங்கியதை விரலால் சமப்படுத்தி, தோல் நிறப் பொடியை அமர்த்தியபின் ஐஷேடோ வையுங்கள். தடிப்பாக ப்ரைமர் வைத்தால் அதுவே வழுக்கும். காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் ஒரு ப்ரைமருக்குச் செலவழியுங்கள், அதுவும் கைக்காசில்.

பழைய பெட்டியில் நிறம் ஏறவில்லை என்று ஒதுக்கிவைத்த குழிகள் இருந்தால், மேலே பளபளவென்று ஒரு படை இருக்கிறதா என்று பாருங்கள். அது விரல் எண்ணெய் இறுகியது. செலோடேப்பை ஒட்டி உரித்தால் கீழே புதுப்பொடி இருக்கும். மணம் மாறியிருந்தாலோ, பெட்டியில் போட்ட 12M, 24M காலம் கடந்திருந்தாலோ எறியுங்கள்.

கனடாப் பொம்பிளைக்கு நேராகவே சொல்லுங்கள்: இன்னதுதான் பாவிக்கிறேன், உங்களுக்குப் பழகின பிராண்ட் இருந்தால் கொண்டுவாருங்கள், அதில் செய்துதருகிறேன் என்று. தோல் ஒத்துக்கொள்ளாத பயம் இருக்கிறவர்களுக்கு அதுதான் பாதுகாப்பும். நாள் குறிக்கும்போதே முற்பணம் 10,000 வாங்குங்கள். புதிதாக ஏதும் தேவைப்பட்டால் அந்தக் காசுக்குள் வாங்குங்கள்.

இருக்கிற கடன். ஆடியும் மார்கழியும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்பது கிழமை வேலை இல்லை. 1,430 வீதம் 12,870. ஆனியில் கிடைக்கிற காசில் இருந்து முதலில் இதை எடுத்து, வீட்டில் வைக்காமல் தனிக் கணக்கில் போடுங்கள். மீதி 31 கிழமைக்கும் சேர்த்து 44,330. ஆவணியில் கையில் காசு வந்ததும் முழுதாகக் கட்டி முடிக்கலாமா என்று யோசிப்பீர்கள். அதற்கு முன் அலுவலகத்தில் ஒன்று கேளுங்கள்: முந்திக் கட்டினால் மிச்ச வட்டி எவ்வளவு குறையும்? எழுத்தில் தரச் சொல்லுங்கள். குறையாது என்றால் முந்திக் கட்டுவதில் உங்களுக்கு ஒரு சதமும் இலாபம் இல்லை. கிழமைக்குக் கிழமையே கட்டி, காசை மார்கழிக்கு வைத்திருங்கள். பிறகு எப்போதாவது கடன் தேவைப்பட்டால் முதலில் உங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில், சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் வட்டியைக் கேட்டுப் பார்த்துவிட்டுக் குழுக்கடன் பக்கம் போங்கள்.

மச்சாளின் 11,500ஐ மாதம் 2,300 வீதம் ஐந்து மாதத்தில் முடியுங்கள். அந்த ஐந்து மாதமும் அவவிடம் ஒரு லிப்ஸ்டிக்கூட எடுக்கவேண்டாம். எடுத்தால் கணக்கு மறுபடி கலங்கும், சொந்தமும் கசக்கும். ஒவ்வொரு முறையும் கொடுத்த தேதியையும் மிச்சத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று அவவின் பதில் வந்தபிறகு கொப்பியில் எழுதிவையுங்கள்.