பழைய தமிழ் காமிக்ஸ் நல்ல நிலையில் கிடைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? கடலோர ஊரில் இருந்துகொண்டு சேகரிக்க முடியுமா?

முடியும். நான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான கீழக்கரையில் இருந்துகொண்டுதான் சேகரிக்கிறேன். கையில் பணம் இருந்தும் ஆசைப்பட்ட இதழ் நல்ல நிலையில் சிக்கவில்லை, சிக்கியதும் வீட்டில் வைத்த கொஞ்ச நாளில் பழுப்பேறிவிட்டது என்ற ஆற்றாமையில் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அந்த ஆற்றாமை உண்டு.

நம் காமிக்ஸ் யாரும் பாதுகாத்து வைப்பதற்காக அச்சடித்தது இல்லை. நியூஸ்பிரிண்ட் தாள் மரக்கூழில் செய்தது. அதில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகும், தாளில் அமிலம் ஏறும், ஓரம் பொடியும். அது போக, அன்றைக்கு ஒருவர் வாங்கினால் தெருவே படிக்கும். வாடகை நூல்நிலையத்தின் ரப்பர் ஸ்டாம்ப், அட்டையில் பெயர், கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பிள்ளைகள் பூசிய கலர் பென்சில், வெட்டி அனுப்பிய போட்டிக் கூப்பன் எல்லாம் அதில் இருக்கும். இத்தனையும் தாண்டி வந்ததைப் பத்திரமாக வைக்க நினைத்தவர்கள் பைண்டிங்குக்குக் கொடுத்தார்கள். பைண்டர் மூன்று பக்கமும் வெட்டி, முதுகில் ஊசி போட்டுத் தைத்துவிடுவார். என் அனுபவத்தில் கரையான் தின்றதைவிடக் கட்டிங் மெஷின் தின்றதுதான் அதிகம். பைண்ட் பண்ணியவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் அன்பில் செய்தது அது. ஆனால் முழு இதழாக வேண்டும் என்று தேடுகிறவனுக்கு அந்தப் புத்தகம் போனதுதான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பழைய தாள் திரட்டியபோது ஏராளமான காமிக்ஸ் கூழாகப் போனது. 1938ல் 10 சென்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ், பத்துக்கு 9.0 தரத்தில் இருந்த ஒரு பிரதி, 2014ல் 32 லட்சம் டாலருக்கு விலை போனது என்றால் காரணம் அதுதான். அங்கே 2000த்தில் இருந்து சி.ஜி.சி. என்ற நிறுவனம் மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் சீல் வைத்துத் தருகிறது. நமக்கு அப்படிப் பொது அளவுகோல் எதுவும் இல்லை. விற்பவர் 'மிண்ட்', அதாவது புத்தம் புதுசு, என்றால் மிண்ட். அப்படி நம்பி வாங்கிய ஒரு இதழின் அட்டைக்கு உள்பக்கம் செல்லோ டேப் ஒட்டி, டேப் காய்ந்து காப்பி நிறத்தில் கறை இறங்கியிருந்தது. கேட்டதற்கு அந்த வியாபாரி, "ராம்நாடு பக்கம் இதெல்லாம் யாரு பாக்கப் போறா?" என்றார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அரசு ஊழியரை மிரட்ட வேண்டுமானால் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று எங்கள் மாவட்டத்தைக் காட்டுவது இன்றைக்கும் நடக்கிறது. இங்கே குடும்பத்தோடு வாழ்கிற, படிக்கிற ஜனங்கள் இருக்கிறோம் என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை. 1972ல் முத்து காமிக்ஸ் வந்தபோதும், 1984ல் லயன் காமிக்ஸ் வந்தபோதும், அவை வெளிவந்த சிவகாசி ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1985ல்தான் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். யாரு பாக்கப் போறா என்று எங்களைப் பார்த்துக் கேட்பது நியாயமா?

நான் பார்த்ததிலேயே நல்ல நிலையில் இருந்த முத்து காமிக்ஸ் சென்னையிலோ மதுரையிலோ கிடைத்ததல்ல, எங்கள் தெருவில் கிடைத்தது. கொழும்பில் கடை வைத்திருந்த குடும்பங்கள் இங்கே நிறைய. இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில் சாமான் கட்டி வந்த தேயிலைப் பெட்டிகள் சில வீட்டுப் பரண்களில் இன்னும் உண்டு. ஒட்டுப்பலகைப் பெட்டி, விளிம்பெல்லாம் தகரப் பட்டை, உள்ளே சுற்றிலும் ஈயத்தாள். அப்படி ஒன்றில் காமிக்ஸ் இருப்பதாக உம்மா சொல்லித்தான் தெரியும். போய்க் கேட்டேன்.

"அது காக்காட பெட்டி தம்பி. அவுக வராம நான் தொறக்க மாட்டேன்" என்றார் அந்த வீட்டு லாத்தா. எங்கள் ஊரில் லாத்தா என்றால் அக்கா, காக்கா என்றால் அண்ணன்.

காக்கா சவூதியில், தம்மாமில் இருந்தார். போனில் பிடித்தேன். விலை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பைண்டு பண்ணுவியா? அட்டையில பேரு எழுதுவியா?" இரண்டே கேள்வி. அவர் லீவில் வரும்வரை காத்திருந்தேன். திறந்தபோது பெட்டி மூலையில் தேயிலைத் தூள் அப்படியே கிடந்தது. புத்தகங்களைப் படுக்கை வசமாக அடுக்கியிருந்தார். ஒன்றை எடுத்து நடுப்பக்கத்தை விரித்தேன். ஸ்டேப்ளர் பின் வெள்ளையாகப் பளபளத்தது, சுற்றிலும் துருக்கறை இல்லை. தாள் நடுவில் வெளிர் மஞ்சள், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பழுப்பு. "இரவல் கேட்டுக் கிழிச்சிருவாங்கன்டு பயந்துதான் மேல ஏத்துனேன்" என்றார்.

நியாயமான விலைக்கே கொடுத்தார், இரும்புக்கை மாயாவி இதழ்களைத் தவிர. "அது மட்டும் கெடையாது. கரண்டு பாஞ்சதும் ஆளு மறைஞ்சு கை மட்டும் தெரியுமே, அத நெனச்சு ராத்திரி தூங்காம கெடந்திருக்கேன்." அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடாது.

அந்தப் பெட்டி ஏன் காப்பாற்றியது என்று பாருங்கள். உப்புக்காற்றில் வரும் உப்பு எங்கே படிந்தாலும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முதலில் போவது தாள் அல்ல, பின். பின் துருப்பிடித்தால் கறை தாளில் பரவி, அந்த இடம் இற்று, அட்டை கழன்று வரும். ஈயத்தாள் அந்த ஈரத்தை உள்ளே விடவில்லை. வெளிச்சமும் கிடையாது. நான் இப்போது செய்வதும் அதுதான். அமிலமில்லாத அட்டை வைத்து பாலியெஸ்டர் உறை, மூடி இறுக்கமான டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். ஜெல் நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போட வேண்டும். வாடைக்காற்று மழைக்காலத்தில் டப்பாவைத் திறப்பதே இல்லை. பி.வி.சி. கவர் வேண்டாம், அட்டையில் ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன் பக்கமே போகாதீர்கள்.

துருப்பிடித்த பின்னை என்ன செய்வது? தொடவே கூடாது என்பவர்கள் உண்டு. மேட்டு நிலத்து ஊரில் அது சரியாக இருக்கலாம். இங்கே விட்டுவைத்தால் நடுப்பக்கமே போய்விடும். மெதுவாகக் கழற்றி, அதே ஓட்டைகளில் பருத்தி நூல் போட்டுக் கட்டுகிறேன். ஆவணக் காப்பகங்களிலும் இதைச் செய்வார்கள். ஆனால் விற்கும்போது அதை மறைக்கக் கூடாது.

'மறுபதிப்புதான் நல்ல தாளில் வருகிறதே, எதற்கு இந்தப் பைத்தியம்' என்று சிலர் கேட்பார்கள். மறுபதிப்பும் வாங்குகிறேன், படிப்பது அதைத்தான். பழைய இதழில் கதையோடு வாசகர் கடிதமும், அந்தக் காலத்து விளம்பரமும், அன்றைய அச்சு மையும் சேர்ந்து இருக்கின்றன. அது எனக்கு வேண்டும்.

வாங்கும் முன் அட்டைப் படம் மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். நடுப்பக்கத்தை விரித்து, பின் தெரிய ஒரு படம் கேளுங்கள். அதே காலத்து இன்னொரு இதழைப் பக்கத்தில் வைத்தும் ஒரு படம் கேளுங்கள், ஓரம் வெட்டியிருந்தால் உயரத்தில் தெரிந்துவிடும். படம் தரத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

முத்து காமிக்ஸ் முதல் இதழ், வெட்டாதது, தைக்காதது, யாரிடமாவது விற்பனைக்கு இருந்தால் அந்த இரண்டு படங்களோடு எனக்கு எழுதுங்கள். அட்டையில் பெயர் எழுதியிருந்தாலும் பரவாயில்லை.