கமராப் பற்றரி: மலிவானதை வாங்கலாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கமரா நிறுவனத்தின் பெயர் இல்லாமல் வேறு உற்பத்தியாளர்கள் செய்து விற்கும் மாற்றுப் பற்றரிகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். கிளிநொச்சியில் கமரா திருத்தும் வேலையில் இருப்பவன் என்பதால், பெட்டியில் அச்சிட்டிருப்பதை விட என் மேசைக்குப் பழுதாகி வந்து சேர்ந்த பற்றரிகளையே நான் அதிகம் நம்புகிறேன்.

கேள்வி: திருமணப் படப்பிடிப்புக்குக் கனன் 80டி வைத்திருக்கிறேன். அதற்குரிய எல்பி-ஈ6 வகைப் பற்றரி ஒன்றில் 3500 மில்லியம்பியர் மணி என்றும், இன்னொன்றில் 2000 என்றும் போட்டிருக்கிறது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். கூடியதை எடுப்பதுதானே இலாபம்? – புதுக்குடியிருப்பு வாசகர்

பதில்: 2000 என்று போட்டிருப்பதை எடுங்கள். கனன் நிறுவனம் 2008ஆம் ஆண்டில் 5டி மார்க் 2 கமராவுடன் இந்த வகைப் பற்றரியை வெளியிட்டபோது அதன் கொள்ளளவு 1800 மில்லியம்பியர் மணி. 2014இல் வந்த எல்பி-ஈ6என் 1865. 2020இல் வந்த எல்பி-ஈ6என்எச் 2130. அதே அளவு கூட்டுக்குள் பன்னிரண்டு ஆண்டுகளில் கனனாலேயே 330 மட்டுமே கூட்ட முடிந்திருக்கும்போது, கனன் விலையில் ஒரு பங்குக்கு விற்பவர் 3500ஐ எங்கிருந்து கொண்டுவருவார்? இந்தப் பற்றரியின் உள்ளே இரண்டு இலித்தியம் கலங்கள் தொடராக இணைந்திருக்கின்றன. தொடரிணைப்பில் வோல்ற்றளவுதான் கூடும் (3.6 உடன் 3.6 சேர்ந்து 7.2), கொள்ளளவு கூடாது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இரண்டு கலங்களின் கொள்ளளவையும் கூட்டி (1750 உடன் 1750) 3500 என்று அச்சிட்டிருந்தாலும் அது பற்றரியின் கொள்ளளவு ஆகாது.

அச்சிட்ட எண்ணைச் சோதிக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது நிறை. நகைக்கடைத் தராசு ஒன்றில் ஒறிஜினலையும் மாற்றுப் பற்றரியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மாற்றுப் பற்றரி கண்ணுக்குத் தெரியுமளவு இலேசாக இருந்தால் உள்ளே இருப்பது சிறிய கலம். செத்துப்போன ஒன்றை நான் பிரித்தபோது, கூட்டை நிரப்பப் போதாத இரண்டு சிறு கலங்களும், அவை ஆடாமலிருக்க இரு பக்கமும் செருகிய பஞ்சுத் துண்டுகளும் இருந்தன. மேலே 2600 என்று பொன்னிற எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

இரண்டாவது வழிக்கு யூஎஸ்பி சார்ஜரும், ஏறும் மின்னளவைக் காட்ட அதற்கு முன்னால் செருகும் சிறிய யூஎஸ்பி மீற்றரும் வேண்டும். மீற்றர் 5 வோல்ற்றில் அளப்பதால் அது காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 1865 மில்லியம்பியர் மணியை 7.2ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 13.4 வாற்று மணி, அதாவது பற்றரி கொள்ளும் மொத்த ஆற்றல். அதை 5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2700 வரும். சார்ஜரில் சூடாகி வீணாவதையும் சேர்த்தால், முற்றாக இறங்கிய நல்ல பற்றரி ஒன்று நிறையும்போது மீற்றரில் 3000ஐத் தாண்ட வேண்டும். 1800லேயே பச்சை விளக்கு எரிந்துவிட்டால் உங்கள் பற்றரியின் உண்மையான கொள்ளளவு 1000க்குக் கிட்ட என்று கொள்ளலாம். மீற்றர் இல்லாதவர்களுக்கு மூன்றாவது வழி: முழுதாகச் சார்ஜ் ஏற்றி, கமராவை மேசையில் வைத்து, அது தானாக அணையும்வரை வீடியோ பதியவிட்டு நேரத்தைக் குறியுங்கள். பதிவு இடையில் தானாக நின்றால் உடனே மீண்டும் தொடங்குங்கள். நல்ல நிலையிலுள்ள ஒறிஜினல் ஒன்றையும் அதே கமராவில் அப்படியே ஓடவிட்டு ஒப்பிடுங்கள்.

கேள்வி: மாற்றுப் பற்றரி மூன்று கோடு காட்டிக்கொண்டிருக்கும்போதே கமரா அணைந்துவிடுகிறது. கமராவிலா பிழை? – முல்லைத்தீவு வாசகர்

பதில்: பெரும்பாலும் பற்றரியில்தான். எனக்கும் இது நடந்திருக்கிறது, அதுவும் வற்றாப்பளை அம்மன் பொங்கலன்று இரவு. சனத்துக்குள் இடம் பிடித்து நின்று கமராவைத் தூக்கிய நேரம் திரை கறுத்துவிட்டது. சற்று முன்வரை பாதிக்கு மேல் காட்டிய பற்றரி அது. தரம் குறைந்த கலம் பழையதாகும்போது அதன் உட்தடை கூடுகிறது. சும்மா இருக்கும்போது வோல்ற்றளவு சரியாகத் தெரியும். ஓட்டோஃபோகஸ் மோட்டாரும் ஷட்டரும் ஒன்றாக மின்னை இழுக்கும் கணத்தில் வோல்ற்றளவு சரிந்துவிடும். கமரா தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அணைத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் மூன்று கோடு காட்டுவதே இதற்கு அடையாளம். அந்தப் பற்றரியை வீட்டில் பரீட்சார்த்தமாகப் படம் எடுக்க வைத்துக்கொள்ளுங்கள். பணம் வாங்கிய வேலைக்குக் கொண்டுபோகாதீர்கள். வாங்கிய மாதத்தைப் பற்றரியின் முதுகில் மாக்கரால் எழுதி வைப்பது என் வழக்கம். எழுதாவிட்டால் எது பழையது என்று ஒருநாளும் நினைவிருக்காது.

கேள்வி: நிக்கொன் டி5200 கமராவில் நன்றாக வேலை செய்த மாற்றுப் பற்றரியை, மென்பொருளைப் புதுப்பித்த பிறகு கமரா ஏற்க மறுக்கிறது. – வவுனியா வாசகர்

பதில்: இது பழைய கதை. ஈஎன்-ஈஎல்14 வகைப் பற்றரியின் உள்ளே ஒரு சிப் இருக்கிறது; கமரா அதனுடன் பேசிப் பார்த்த பிறகே பற்றரியை ஏற்கும். 2013இல் நிக்கொன் வெளியிட்ட ஃபர்ம்வெயர் புதுப்பிப்புகளுக்குப் பிறகு டி3200, டி5200 முதலிய கமராக்களில் அதுவரை ஓடிய மாற்றுப் பற்றரிகள் பல வேலை செய்யாமல் போயின. பற்றரியில் பழுது இல்லை; சிப்புக்குக் கமரா கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பற்றரியைத் திருத்த வழியில்லை. புதிதாக வாங்கும்போது ‘ஃபுல்லி டிகோடட்’ (கமராவின் கேள்விக்குச் சிப் பதில் சொல்லும் என்பது பொருள்) என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதுடன், கமராவைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஈஎன்-ஈஎல்14ஏ என்று இருந்தாலும் உங்கள் கமராவுக்குப் பொருந்தும்.

கேள்வி: கனன் 200டிக்கு வாங்கிய எல்பி-ஈ17 மாற்றுப் பற்றரி, கமராவுடன் வந்த சார்ஜரில் ஏறவில்லை. ஏமாந்துவிட்டேனா? – மாங்குளம் வாசகர்

பதில்: இல்லை. அந்த வகையில் கனன் சார்ஜரும் பற்றரியின் சிப்பைப் பார்ப்பதால், மாற்றுப் பற்றரிகள் பல அதில் ஏறுவதில்லை. அவற்றோடு விற்கப்படும் யூஎஸ்பி சார்ஜரில் ஏறும். ஆகவே இந்த வகையைச் சார்ஜரும் சேர்ந்த பொதியாக வாங்குவதே நல்லது. நியூவர், ஸ்மோல்ரிக் போன்றோர் பற்றரியிலேயே டைப்-சி துளை வைத்தும் விற்கிறார்கள். கைப்பேசிச் சார்ஜர் போதும் என்பதால் வெளியூர் வேலைக்கு வசதியானது. பற்றரியில் கனன் சின்னம் இருக்கிறதா என்று கமரா திரையில் கேட்டால் பயப்படத் தேவையில்லை. ஓகே அழுத்தித் தொடரலாம். பற்றரியில் கனன் சின்னம் இருந்தும் கமரா அப்படிக் கேட்டால்தான் யோசிக்க வேண்டும், ஏனெனில் அது போலிச் சரக்காக இருக்கக்கூடும். சொந்தப் பெயரில் விற்கும் மாற்றுப் பற்றரியை நான் வாங்குவேன். பாதி விலைக்குக் கிடைக்கும் ‘ஒறிஜினலை’ ஒருபோதும் வாங்கமாட்டேன்.

கேள்வி: வங்காலையில் பூநாரைகளைப் படமெடுக்கப் போய், பகல் முழுவதும் வெயிலில் நிறுத்திய வாகனத்தில் கமராவை விட்டுவிட்டேன். இப்போது பற்றரி உள்ளே இறுகிவிட்டது, வெளியே வரவில்லை. – மன்னார் வாசகர்

பதில்: பற்றரி வீங்கியிருக்கிறது. கமராவை அணையுங்கள், இனி அதில் சார்ஜ் ஏற்றவே வேண்டாம். ஸ்குறூட்ரைவரால் நெம்புவது ஆபத்து, ஏனெனில் மெல்லிய கூடு குத்துப்பட்டால் உள்ளே தீப்பிடிக்கும். பற்றரிக் கதவைத் திறந்து, அதன் தாழ்ப்பாளை ஒதுக்கிப் பிடித்து, பலமான ஒட்டு ரேப் ஒன்றைப் பற்றரியின் அடியில் அழுத்தி ஒட்டி, வாய் கீழே இருக்கும்படி கமராவைப் பிடித்து மெதுவாக நேராக இழுங்கள். இரண்டு மூன்று முறை முயன்றும் வராவிட்டால் திருத்துபவரிடம் கொடுங்கள். கமராவின் அடித்தகட்டைக் கழற்றி எடுப்பது அரைமணி நேர வேலை. எடுத்த பற்றரியின் உலோக முனைகளில் ரேப் ஒட்டி, மணல் போட்ட பழைய மாத்தகரத்தில் வைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்கலாம். வளவைக் கூட்டி மாலையில் குப்பைக்கு நெருப்பு வைக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அந்தக் குவியலில் பற்றரி போய்ச் சேரக் கூடாது.

வெயிலில் கிடந்து வந்த பற்றரியை உடனே சார்ஜில் போடுவதும் அதே அளவு கெடுதல். கனன் தன் சார்ஜருக்கு 40 பாகை செல்சியஸை மேல் எல்லையாகக் குறிப்பிடுகிறது. சித்திரை வைகாசியில் தகரக் கூரையின் கீழ் அதை எட்டுவது பெரிய காரியமில்லை. ஆறவிட்டு, இரவில் ஏற்றுங்கள்.

கேள்வி: ஃபிளாஷுக்குப் பென்டோர்ச் (ஏஏ) பற்றரிக்குப் பதிலாக, அதே அளவில் 3.7 வோல்ற்று இலித்தியம் கலம் போடலாமா? – கிளிநொச்சி வாசகர்

பதில்: போடாதீர்கள். நான்கு கலம் போடும் ஃபிளாஷ் ஏறத்தாழ 6 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டது; நீங்கள் சொல்வது 15 வோல்ற்றுக்கு அருகில் போகும். 1.2 வோல்ற்று நிக்கல் வகை றீசார்ஜ் கலங்களே அதற்கு ஏற்றவை.

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து வரும் தம்பியிடம் நான்கு பற்றரி சொல்லியிருக்கிறேன். தபாலில் அனுப்பவும் முடியுமென்கிறார். எது நல்லது? – பரந்தன் வாசகர்

பதில்: தம்பியே கொண்டுவரட்டும். தனியாக உள்ள இலித்தியம் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை. சரக்கு விமானத்தில் அனுப்புவதானால் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் புதிய பற்றரி அரைகுறைச் சார்ஜில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. பயணி தன் கைப்பையில் கொண்டுவரத் தடையில்லை. 100 வாற்று மணிக்கு உட்பட்டவையே பொதுவாக அனுமதிக்கப்படுகின்றன. கமராப் பற்றரி 14 வாற்று மணி அளவுதான். ஒவ்வொன்றையும் அதன் பிளாஸ்ரிக் மூடியோடு, மூடி இல்லாவிட்டால் முனைகளில் ரேப் ஒட்டி, தனித்தனிப் பைகளில் போட்டு வரச் சொல்லுங்கள். பெரிய சூட்கேசில் போட்டுவிட வேண்டாம் என்பதை இரண்டு முறை சொல்லுங்கள்.