ஐந்து வயதுப் பையனோடு ஏழே நாளில் லாப்லாந்து முழுக்கச் சுற்ற முடியுமா?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். டிசம்பர் கடைசி, ஏழு நாள். ஃபின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தில் ரோவனியெமி, லெவி, இனாரி, அங்கிருந்து எல்லை தாண்டி நார்வேயின் டிராம்சோ. ஹஸ்கி நாய்கள் இழுக்கும் வண்டி, ரெயின்டீர் என்ற பனிமான் இழுக்கும் வண்டி, பனியில் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைல், ஐஸில் துளை போட்டு மீன்பிடிப்பது, ராத்திரி ஆனால் வானத்தில் அரோரா என்ற துருவ ஒளி. கூடவே பதினொரு வயதுப் பெண்ணும் ஐந்து வயதுப் பையனும். சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜனவரி முதல் வாரம் போவதற்கு நான் போட்ட எக்செல் ஷீட் அப்படியே கண்முன் வந்து நின்றது. என் பிள்ளைகளுக்கும் அப்போது ஏறக்குறைய இதே வயதுதான்.

முடியுமா என்றால் முடியும், காருக்குள் உட்கார்ந்தபடி. ரோவனியெமியிலிருந்து இனாரி 320 கிலோமீட்டருக்கு மேல். இனாரியிலிருந்து டிராம்சோ அதைவிடத் தூரம். பனி இறுகிய சாலை, பெரும்பாலான நேரம் இருட்டு, நடுரோட்டில் நின்று உங்களையே முறைத்துப் பார்க்கும் ரெயின்டீர்கள். பின்சீட்டில் "வந்தாச்சா, வந்தாச்சா" என்ற கேள்வி. ஒரே ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து ஏழு நாளும் அங்கேயே இருங்கள். இதோடு பதிலை முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது.

நான் டிராவல் ஏஜென்ட் இல்லை. ஒரே ஒரு தடவை போய் வந்தவன். "ஒரு தடவை போய்விட்டு உபதேசமா" என்று கமெண்ட் போட நினைப்பவர்கள் தாராளமாகப் போடலாம். பத்து தடவை தனியாகப் போனவருக்குத் தெரியாத ஒன்றிரண்டு விஷயம், மைனஸ் 24ல் ஐந்து வயதுப் பையனுக்கு உடுப்பு மாட்டியவனுக்குத் தெரியும்.

நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மனைவியின் அண்ணன், அவர் மனைவி என்று ஆறு பேர். ஹெல்சின்கியிலிருந்து, இனாரிக்குப் பக்கத்தில் இருக்கும் இவாலோவுக்கு விமானம், ஒன்றரை மணி நேரம். காட்டோரம் ஒரு மரக் கேபின். எல்லா புக்கிங்கும் என் பெயரில், என் கார்டில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அவ்வளவு வடக்கே டிசம்பர் ஆரம்பத்திலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை சூரியன் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. ஃபின்லாந்துக்காரர்கள் இதைக் காமோஸ் என்கிறார்கள். அதற்காக இருபத்துநாலு மணி நேரமும் கும்மிருட்டு என்று பயப்பட வேண்டாம். காலை பத்து மணி வாக்கில் பனியெல்லாம் நீலமாகும், தெற்கே ஒரு ரோஜா நிறக் கீற்று தெரியும், மதியம் இரண்டரைக்கெல்லாம் மறுபடி இருட்டு. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் மூன்றாவது நாள் என் பையன் மதியச் சாப்பாட்டுக்கு முன்பு "ராத்திரி ஆயிடுச்சு, தூங்கப் போறேன்" என்றான். அவனுக்கு விளக்கிச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

இப்போது உடுப்பு. உள்ளே மெரினோ கம்பளி, அதற்கு மேல் ஃப்ளீஸ், அதற்கு மேல் சஃபாரி நடத்துபவர்கள் தரும் தடித்த ஓவரால், கம்பளி சாக்ஸ், ஃபெல்ட் வைத்த பூட்ஸ், முகமூடித் தொப்பி, ஹெல்மெட். பருத்தி மட்டும் உடம்பில் படவே கூடாது. வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே கிடக்கும், நின்ற அடுத்த நிமிஷம் அந்த ஈரம் உங்களை உறைய வைக்கும். பூட்ஸ் ஒரு சைஸாவது பெரிதாக இருக்கட்டும். மூன்று சாக்ஸைத் திணித்து இறுக்கமாகப் போட்டால் கால் இன்னும் சீக்கிரம் விறைத்துப்போகும். விரல் விரலாகப் பிரிந்த கையுறை குழந்தைக்கு வேண்டாம், விரல்கள் சேர்ந்தே இருக்கும் பை மாதிரிக் கையுறைதான் சரி. ஒரு பிள்ளைக்கு இதெல்லாம் மாட்டி முடிக்க எங்களுக்கு நாற்பது நிமிஷம் ஆனது.

இரண்டாம் நாள் ஸ்னோமொபைல், மைனஸ் 24. ஓட்டுவதற்கு ஓட்டுநர் உரிமம் வேண்டும். சின்னப் பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைக்க மாட்டார்கள். வழிகாட்டியின் வண்டிக்குப் பின்னால் கட்டிய ஸ்லெட்டில், அதாவது சறுக்கு வண்டியில், ரெயின்டீர் தோலை விரித்து உட்கார வைப்பார்கள். பெண்ணும் பையனும் என் மனைவியோடு ஸ்லெட்டில். நான் ஒரு வண்டியில், மச்சான் ஒரு வண்டியில், அவர் பின்னால் அவர் மனைவி. கிளம்பி பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஸ்லெட்டிலிருந்து மனைவி கையை ஆட்டினாள். விஷயம் இதுதான்: "அம்மா, ஒண்ணுக்கு."

நாற்பது நிமிஷ உடுப்பு, நடுக்காடு, மைனஸ் 24. வழிகாட்டி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. வண்டியை நிறுத்தி, எங்களுக்குக் காற்று படாத பக்கத்தைக் காட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே ஒரு சொல் சொன்னார்: பொரோன்குசெமா. ரெயின்டீரால் ஓடிக்கொண்டே சிறுநீர் கழிக்க முடியாதாம். அதனால் வண்டி இழுக்கும் ரெயின்டீரைக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு தடவை நிறுத்தியே ஆக வேண்டும். அந்தத் தூரம் ஏழரை கிலோமீட்டர் வாக்கில். அந்தக் காலத்தில் வடக்கே தூரத்தையே இப்படித்தான் அளந்திருக்கிறார்கள். "உங்கள் பையன் இரண்டு கிலோமீட்டர் ரெயின்டீர்" என்றார்.

அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். எனக்கு இப்போதுதான் தெரிகிறது, அந்தப் பயணத்திலேயே உருப்படியான ஆலோசனை அதுதான். நீங்கள் ஷீட்டில் போட்டிருக்கும் "காலை 10 மணி முதல் 12 வரை ஹஸ்கி, மதியம் 1 மணி முதல் 4 வரை ஸ்னோமொபைல்" எல்லாம் பெரியவர்களின் கணக்கு. உங்கள் வீட்டில் ஆகச் சின்னவரின் பொரோன்குசெமா எவ்வளவு என்று முதலில் பாருங்கள். எங்கள் பையனுக்கு அசையாமல் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம், ஓடி விளையாடினால் ஒன்றரை மணி நேரம். அதற்குள் ஒரு நெருப்போ கூரையோ வந்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு எது அதிகக் குளிர் என்று கேட்டால் நான் ஸ்லெட்டைத்தான் சொல்வேன். நீங்கள் ஹேண்டில்பாரைப் பிடித்து உடம்பை வளைத்துக்கொண்டிருப்பீர்கள், ஹேண்டில்பார்கூடச் சூடாக இருக்கும். அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மைனஸ் 24ல் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், திறந்த முகத்துக்கு அது மைனஸ் 40 மாதிரி.

இடைவேளையில் நெருப்பு மூட்டி, மரக் கோப்பையில் சூடான பெர்ரிச் சாறு கொடுத்தார்கள். அப்போது வழிகாட்டி என் பெண்ணின் முகத்தையே பார்த்தார். கன்னத்தில் மெழுகு ஒட்டிய மாதிரி காசளவு வெள்ளைத் திட்டு. அவளுக்கு வலிக்கவே இல்லை. அவர் கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து அப்படியே வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் சிவந்தது, அப்புறம் எரிகிறது என்று அழுதாள். நல்ல வேளை, ஆரம்ப நிலை. தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பதெல்லாம் கூடவே கூடாது. மரத்துப்போன இடம் வலிக்காது என்பதால் அவரவர் முகம் அவரவருக்குத் தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தது என் வண்டியின் ஸ்பீடாமீட்டரை. இதுதான் நான் முதலில் சொன்ன காயம். "குழந்தையை அங்கெல்லாம் கூட்டிப்போனதே தப்பு" என்று எழுத வருகிறவர்களுக்கு: அங்கே பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அந்தக் குளிரிலேயே பள்ளிக்கூடம் போகிறார்கள். தப்பு இடத்தில் இல்லை, என் ஷீட்டில்.

திரும்பும் வழியில் மச்சான் தடத்தை விட்டு விலகி, இறுகாத பனிக்குள் வண்டியை விட்டு, ஒரு பிர்ச் மரத்தில் மோதினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டியின் முன் சறுக்குப் பலகை மட்டும் வளைந்துவிட்டது. கிளம்பும் முன் எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாளில், சேதம் ஆனால் முதல் 900 யூரோ வரை எங்கள் பொறுப்பு என்று இருந்தது. பில் 640 யூரோ. புக்கிங் என் பெயர், கார்டு என் கார்டு. "குடும்பமாத்தானே வந்தோம், பாதிப் பாதி போட்டுக்கலாம் மாப்பிள்ளை" என்றார். நானும் சரி என்றேன். அந்தப் பாதியும் இன்னும் வரவில்லை. இதே மச்சான்தான் ரெயின்டீர் பண்ணைக்காரரிடம் "மொத்தம் எத்தனை மான் வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்டவர். அங்கே அது ஒருவரின் பேங்க் பேலன்ஸைக் கேட்பது மாதிரி. அந்த மனிதர் "மரத்துக்கு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மச்சான் மரத்தைச் சுற்றிப் போய் எண்ணினார். சரி, விடுங்கள்.

அடுத்த மூன்று நாள் என் ஷீட்டில் இருந்த எதுவும் நடக்கவில்லை. அந்த வாரம் வடக்கு முழுக்க ஒரு கடும் குளிர் அலை; ஜனவரி 5ஆம் தேதி எனொன்டெகியோ விமான நிலையத்தில் மைனஸ் 44.3 பதிவானது. எங்கள் கேபின் வாசலில் மைனஸ் 36. ஹஸ்கி ரத்து, மீன்பிடிப்பு ரத்து. பணத்தில் பெரும்பகுதி திரும்பி வந்தது, ஏனென்றால் தற்செயலாக ஒவ்வொன்றையும் தனித்தனியாக புக் செய்திருந்தேன். அங்கே வந்திருந்த வேறு சிலர் மொத்தமாகப் பேக்கேஜ் எடுத்துவிட்டுப் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். ரத்து செய்யும் நிபந்தனையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஏழு நாளில் மூன்று சவாரிக்கு மேல் போடாதீர்கள், அவையும் இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்டவையாக இருக்கட்டும்.

அந்த மூன்று நாளும் கேபினும் சௌனா என்ற வெந்நீராவி அறையும்தான். வாசலுக்குப் போய் பத்து நிமிஷம் விளையாடுவது, உள்ளே ஓடி வருவது. போன் மூன்று நிமிஷத்தில் செத்துவிடும். சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்தால் தாங்கும். கேமராவை உள்ளே கொண்டுவரும் முன் வெளியிலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் லென்ஸ் முழுக்க நீர்த்துளி.

அரோராவும் அந்த ராத்திரிகளில்தான் வந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. மேகம் இல்லாத வானம் என்றால் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும், அதனால் கடும் குளிர். அதே மேகமில்லாத வானத்தில்தான் அரோரா தெரியும். அரோரா வருமா என்று கணிக்கும் ஆப் காட்டும் எண்ணை விட மேகத்தைப் பாருங்கள். இரவு பதினொன்றரைக்குப் பெண்ணை எழுப்பிக் கூட்டி வந்தேன். முதலில் வெளுத்த மேகம் மாதிரிதான் இருந்தது, அப்புறம் பச்சையாகி மடிப்பு மடிப்பாக அசைந்தது. இணையத்தில் போடுகிறார்களே, அந்த மின்னும் பச்சை பல நொடி திறந்து வைத்த கேமராவின் வேலை. கண்ணுக்கு எப்போதும் அப்படித் தெரியாது. பையனை எழுப்பவில்லை. அவன் இப்போது எல்லோரிடமும் "நான்தான் முதல்ல பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கடைசி நாள் மைனஸ் 18க்கு ஏறியது, ஹஸ்கி கிடைத்தது. கிளம்பும் வரை அவை போடும் சத்தத்தில் காது அடைத்துவிடும், ஓட ஆரம்பித்ததும் அப்படியே அமைதி. ஓடிக்கொண்டே மலம் கழிக்கும், அந்த வாசனை நேராக முன்னால் உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு வரும். பையனுக்கு இதுதான் உச்சக்கட்டச் சந்தோஷம். ஓட்டுகிறவர் எது நடந்தாலும் கைப்பிடியை விடக் கூடாது, நாய்கள் உங்களுக்காக நிற்காது.

உங்கள் தேதிக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் தாத்தா சாண்டாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் டிசம்பர், ரோவனியெமி, மூன்று நாள், அவ்வளவுதான். காடும் பனியும்தான் வேண்டும் என்றால் மார்ச் நடுவில் இவாலோ, சாரிசெல்கா பக்கம் போங்கள். பகலும் இரவும் ஏறக்குறைய சமம், வெயில் அடிக்கும், பனி அப்போதும் முழங்காலுக்கு மேல். பிப்ரவரி மூன்றாம் வாரத்திலிருந்து மார்ச் முதல் பத்து நாள் வரை அவர்களுடைய பள்ளிப் பனிச்சறுக்கு விடுமுறை, அப்போது கூட்டமும் விலையும் ஏறும். மார்ச்சில் அரோரா தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பகலிரவு சமமாகும் மாதங்களில் அது சராசரியாக அதிகமாகவே வரும். ஏப்ரல் நடுவில்தான் இரவு வெளுக்க ஆரம்பிக்கும்.

அவசர எண் 112. இருட்டில் நடந்தால் உடுப்பில் பிரதிபலிப்பான் மாட்ட வேண்டும் என்பது அங்கே சட்டமே, குழந்தைகளுக்கும் வாங்கிவிடுங்கள். அப்புறம், கூட உறவினர் யாராவது வருகிறார்கள் என்றால், ஸ்னோமொபைலை மட்டும் ஓட்டப்போகிறவர் பெயரில், அவர் கார்டில் புக் செய்யச் சொல்லுங்கள்.