பால் பல்தானே என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறையொட்டிப் பழுப்பாகி அரித்துப்போயிருக்கின்றன. இரவில் சர்க்கரை போட்ட பால் புட்டி இல்லாமல் தூங்க மாட்டான். “விழுந்து முளைக்கிற பல்லுக்கு டாக்டர் எதற்கு?” என்கிறார் மாமியார். எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான் குடிக்கிறோம். அதனால் ஃபுளோரைடு பேஸ்ட் கூடவே கூடாது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என்ன செய்வது?
– ஒரு தாய், ஓமலூர்

பதில்: அன்புச் சகோதரி, இந்த வாரமே மகனைப் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முன்பற்கள் 6 முதல் 8 வயதுக்குள் விழுந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் சொத்தை அங்கேயே நிற்காது, கடைவாய்ப் பற்களுக்கும் பரவும். பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. அவற்றை இடையில் பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துகொள்ளும். பின்னால் வரும் நிலைப்பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும். வலியையும் நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கமாகவே மெல்லும் பிள்ளை, சோற்றைக் கண்டாலே அழும் பிள்ளை, தனக்குப் பல் வலிக்கிறது என்று சொல்லக்கூடத் தெரியாது. மருத்துவரிடம் போகும்போது மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் நேரில் கேட்டால் வீட்டில் பாதி வேலை சுலபமாகும்.

சொத்தைக்குக் காரணம் அந்த இரவுப் புட்டிதான். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறையும். வாயில் தேங்கும் இனிப்புப் பால் மேல் முன்பற்களை விடிய விடிய நனைக்கும், கிருமிகள் அதை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். நாட்டுச் சர்க்கரையோ பனங்கற்கண்டோ போட்டால் கெடுதல் இல்லை என்று நம்பாதீர்கள். பல்லுக்கு எல்லாம் ஒன்றுதான்.

புட்டியை ஒரே நாளில் நிறுத்தினால் வீடே தூங்காது. முதலில் சர்க்கரையை விடுங்கள். பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். ஓரிரு வாரத்தில் வெறும் தண்ணீருக்கு வந்துவிடலாம். பாலை இரவு பல் துலக்குவதற்கு முன்பே டம்ளரில் கொடுத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் பயத்தைத் தள்ளிவிட முடியாது. சேலம், தருமபுரி மாவட்டங்களில் சில இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைக் குழந்தை தொடர்ந்து குடித்தால், ஈறுக்குள் உருவாகிவரும் நிலைப்பற்களில் வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கோடுகளும் விழலாம். காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் உங்கள் போர் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். குழாயில் மேட்டூர்க் காவிரித் தண்ணீர் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்துவையுங்கள்.

ஆனால் இதற்காக பேஸ்ட்டை ஒதுக்காதீர்கள். சொத்தை விழுந்த பிள்ளைக்கு ஃபுளோரைடு அவசியம். 3 வயது வரை ஓர் அரிசிமணி அளவு போதும், விழுங்கிவிட்டாலும் பயமில்லை. அதன்பின் பட்டாணி அளவு. ஃபுளோரைடின் அளவு 1000 பி.பி.எம். என்று பெட்டியில் போட்டிருப்பதை வாங்குங்கள். தண்ணீர்ப் பரிசோதனையில் அளவு அதிகம் என்று வந்தால் முடிவை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

காலையிலும் படுக்கும் முன்பும் நீங்களே துலக்கிவிடுங்கள். இந்த வயதில் அவன் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தால் மென்றுகொண்டுதான் இருப்பான். மடியில் தலைவைத்துப் படுக்கவையுங்கள். மேலுதட்டை விரலால் தூக்கி, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சிறு வட்டமாகச் சுழற்றுங்கள். அப்படியே வெளிச்சத்தில் மற்ற பற்களையும் பாருங்கள். ஈறையொட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் தொடக்கம். அந்தக் கட்டத்தில் மருத்துவர் ஃபுளோரைடு வார்னிஷ் என்ற பூச்சைப் பல்லில் பூசினாலே பல் தேறிவிட வாய்ப்பு உண்டு.

அரித்த பற்களை அடைப்பதா, கேப் போடுவதா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். சொத்தையை அப்படியே நிறுத்தும் ஒரு மருந்தும் உண்டு. வலிக்காது, ஆனால் சொத்தைப் பகுதி கறுத்துவிடும். அரித்த எல்லாப் பல்லையும் பிடுங்க வேண்டியதில்லை. சேலத்தில் உள்ள பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

ஈறில் சீழ்க்கொப்புளம், முகவீக்கம், காய்ச்சல் இவற்றில் எது தெரிந்தாலும் வாரக் கடைசி வரை காத்திராமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள்.