கரையோரச் சாலைக்கு மேலே பறக்கலாமா?

கேள்வி: ஐயா, நம் ரீயூனியன் தீவில் லெ போரிலிருந்து தினமும் சென்-தெனிக்கு வேலைக்குப் போகிறேன். காலையில் கரையோரச் சாலையில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருக்கும்போதெல்லாம் பக்கத்தில் கடல் காலியாகக் கிடப்பதைத்தான் பார்க்கிறேன். பறக்கும் கார் இதோ வந்துவிட்டது என்கிறார்கள். அது வந்தால் கடலுக்கு மேலே ஐந்தே நிமிடம். இந்த நேரத்தில் புதிய கடல் பாலத்துக்கும் பஸ்ஸுக்கும் இவ்வளவு பணம் கொட்ட வேண்டுமா? என் மகன் இந்தத் துறையில் படிக்க ஆசைப்படுகிறான், விடலாமா?

பதில்: மகன் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதல் பாதியில் எனக்கு உங்களோடு முழு கருத்து வேறுபாடு, அதையும் நேராகவே சொல்லிவிடுகிறேன்: கண்டிப்பாகக் கொட்டத்தான் வேண்டும், இன்னும் அதிகமாகவே கொட்ட வேண்டும், பறக்கும் காருக்காக ஒரு நாள்கூட அதைத் தள்ளிப்போடக் கூடாது.

"இதோ வந்துவிட்டது" என்பது உங்கள் தாத்தா காலத்துப் பேச்சு. அமெரிக்காவில் மோல்டன் டெய்லர் என்பவர் இறக்கையைக் கழற்றிப் பின்னால் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஏரோகார் என்று ஒன்றைச் செய்து 1949-ல் பறக்கவிட்டார், 1956-ல் அரசாங்க அனுமதியும் கிடைத்தது, ஆனால் மொத்தம் ஆறுதான் செய்தார்கள். அப்புறம் 2021 ஜூனில் ஸ்லோவாக்கியாவில் ஏர்கார் என்ற வண்டி நித்ராவிலிருந்து பிராத்திஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்து, இறங்கி, இறக்கையை மடக்கிக்கொண்டு ஊருக்குள் ஓடியது. அழகான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கவனியுங்கள், அது கிளம்பியதும் இறங்கியதும் விமான நிலைய ஓடுபாதையில். இந்த மாதிரி ஓடிக் கிளம்புகிற இறக்கை வைத்த காருக்கு ஓடுபாதை வேண்டும். நம் தீவில் பயணிகள் விமானம் இறங்கும் இடம் இரண்டு: தெற்கே பியர்ஃபோன், வடக்கே சென்ட்-மரியில் இருக்கிற ரோலாண் கரோஸ். நீங்கள் லெ போரிலிருந்து ரோலாண் கரோஸுக்குப் போய்ப் பறக்க வேண்டுமானால் அதே கரையோரச் சாலையில் போய், சென்-தெனியையும் தாண்டித்தான் போக வேண்டும்!

சரி, நின்ற இடத்திலிருந்தே மேலே எழும்புகிற வண்டி? பெரிய டிரோன் மாதிரி இருக்கிறதே, அது. சீனாவில் ஈஹாங் நிறுவனத்தின் இரண்டு பேர் உட்காரும் வண்டிக்கு 2023 அக்டோபரில் அனுமதியே கொடுத்துவிட்டார்கள், ஓட்டுநர் கிடையாது, பதினாறு விசிறி. போகக்கூடிய தூரம் முப்பது கிலோமீட்டரைச் சுற்றித்தான். ஏன் இவ்வளவு குறைவு என்பதுதான் விஷயமே, இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். கார் ஓடும்போது அதன் எடையைத் தரை சும்மா தாங்கிக்கொள்கிறது, எஞ்சினுக்கு உருட்டுகிற வேலை மட்டும்தான். நெரிசலில் நின்றால் எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டு கேட்கலாம். அந்தரத்தில் நிற்கிற வண்டி ஒவ்வொரு நொடியும் தன் முழு எடைக்கும் ஈடாகக் காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், தள்ளுவதை நிறுத்தினால் விழுந்துவிடும். அதற்கான சக்தி எங்கிருந்து வரும்? ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12,000 வாட்-மணி இருக்கிறது, இன்றைய நல்ல பேட்டரியில் கிலோவுக்கு 250-க்குப் பக்கம். எஞ்சின் பாதிக்கு மேல் வெப்பமாக வீணடிக்கிறது என்று கழித்துக்கொண்டாலும் பத்து மடங்குக்கு மேல் இடைவெளி நிற்கிறது. பெட்ரோலாவது எரிய எரிய எடை குறையும், பேட்டரி தீர்ந்த பிறகும் அதே கனம்தான். இதற்கு மேல் கையிருப்பு வேறு வைத்துக்கொண்டு பறக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, பகலில் கண்ணால் பார்த்துப் பறக்கிற ஹெலிகாப்டர்கூடப் போய்ச்சேர்ந்த பிறகு இன்னும் 20 நிமிடம் பறக்கிற அளவு எரிபொருளோடு கிளம்ப வேண்டும். மொத்தமே இருபத்தைந்து நிமிடம் பறக்கிற வண்டியில் அந்த இருபதை எங்கே வைப்பது?

பேட்டரி நாளைக்கே மூன்று மடங்கு நன்றாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் காலை நெரிசல் தீராது, ஏனென்றால் உங்கள் பிரச்சினை வேகம் இல்லை, எண்ணிக்கை. அந்தச் சாலையில் ஒரு நாளைக்கு 60,000 வண்டி போல ஓடுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு காலை ஒரு மணி நேரத்தில் வருகிறது என்றாலே 6,000. இப்போது சென்-தெனியில் ஒரு மொட்டைமாடியில் இறங்குதளம் போடுங்கள். வந்து இறங்கி, ஆளை இறக்கி, வேறு ஆளை ஏற்றி, மறுபடி கிளம்ப மூன்று நிமிடம் என்று மிகத் தாராளமாகவே கணக்கு போடுகிறேன், பேட்டரி ஏற்றும் நேரத்தைச் சேர்க்கவே இல்லை. மணிக்கு இருபது தடவை, தடவைக்கு நாலு பேர், 80 பேர். ஒரு நீள பஸ் ஒரே நடையில் அதைவிட அதிகம் பேரைக் கொண்டுவந்து இறக்கிவிடும். அந்த 6,000 வண்டிக்காரர்களில் வெறும் 600 பேரைத் தூக்க வேண்டுமென்றால்கூட எட்டு தளம் இங்கே, எட்டு தளம் அங்கே, நடுவில் மலைச்சுவரில் மோதித் திரும்புகிற காற்று, கீழே வீடுகளில் தூங்குகிற குழந்தைகள். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் டாக்சி ஓடும் என்று வோலோகாப்டர் நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தது. பயணிகளோடு ஒன்றுகூட ஓடவில்லை, அந்த டிசம்பரிலேயே நிறுவனம் திவால் மனு கொடுத்தது. தலைநகருக்கே அதுதான் கதி என்றால் பெலால், காரான்ஸ் மாதிரிப் புயல் அடிக்கிற நம் தீவை யோசித்துப் பாருங்கள்.

பாலத்தைப் பற்றிய உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. 1.6 பில்லியன் யூரோவில் ஆரம்பித்த கணக்கு அதோடு நிற்கவில்லை, 2022 ஆகஸ்டில் 5.4 கிலோமீட்டர் கடல் பாலம் திறந்தும் மிச்சப் பாதை முடிந்தபாடில்லை. ஆனால் 2006 மார்ச்சில் மலை சரிந்து இரண்டு பேர் அந்தப் பழைய சாலையில் செத்துப்போனதை நான் மறக்கவில்லை, மலையடிவாரத்தை விட்டு விலகிப் போவது சரியான முடிவுதான். என் வருத்தம் வேறு. 1882-ல் இந்தத் தீவில் ரயில் ஓடத் தொடங்கியது, அதே மலைக்குள் பத்து கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கம் குடைந்து லா பொஸெஸியோனையும் சென்-தெனியையும் இணைத்திருந்தார்கள். கார் வந்ததும் அதை விட்டோம். அப்புறம் டிராம்-ட்ரெயின் திட்டம் வந்தது, 2010-ல் அதையும் கைவிட்டோம். ஒவ்வொரு தடவையும் இதைவிடப் புதிதாக ஒன்று வரப்போகிறது என்று சொல்லித்தான் கையில் இருப்பதை விட்டிருக்கிறோம், உங்கள் கேள்வியிலும் அதே குரல் கேட்கிறது, அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். சென்-தெனியில் 2022-ல் ஓடத் தொடங்கிய பப்பாங் ரோப் காரில் ஏறியிருக்கிறீர்களா? பழனி ரோப் கார் மாதிரிதான், ஷோத்ரோனிலிருந்து மேலே புவா தெ நேஃபிள் வரை 2.7 கிலோமீட்டர். கயிறு எடையைத் தாங்கிக்கொள்கிறது, மின்சாரம் இழுக்கிற வேலையை மட்டும் செய்கிறது. நம் ஊர்ப் பருந்தின் பெயரை அதற்கு வைத்தது ரொம்பப் பொருத்தம், ஆகாயத்தில் போகிற வண்டி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது மகன். தாராளமாகப் படிக்க விடுங்கள். பறக்கிற வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, சாலை போட முடிகிற இடத்தில் வேண்டாம் என்கிறேன். மலைகளுக்கு நடுவே இருக்கிற மஃபாத் பள்ளத்தாக்கில் 800 பேர் போல வாழ்கிறார்கள், ஒரு சாலை கிடையாது. மளிகை, கேஸ் சிலிண்டர், சிமெண்ட் எல்லாம் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு வருகிறது, குப்பையும் அப்படித்தான் வெளியே போகிறது, நெஞ்சுவலி வந்தவரையும் அதில்தான் தூக்கிப்போக வேண்டும். அங்கே லா நூவெல் என்ற கிராமத்துக்கு நடந்து போனபோது ஒரு பாட்டியம்மா வாசலில் நின்று மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் மூடிவிட்டால் அன்றைக்குச் சாமான் வராது. அங்கே ஹெலிகாப்டரைவிடச் சத்தம் குறைவாக, செலவு குறைவாக, இருபது கிலோ மருந்தையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு பள்ளத்தாக்கைத் தாண்டுகிற ஒரு வண்டியை உங்கள் மகன் செய்தால் இந்தப் பத்திரிகையின் அட்டையில் அவன் படத்தைப் போடுகிறேன். இருபது கிலோவுக்கும் பத்து நிமிடத்துக்கும் இன்றைய பேட்டரியே போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கொல் தே பெஃப் கணவாய்க்குக் கூட்டிப்போங்கள், அங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். இருட்டோடு கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் மேகம் ஏறிவிடும்.