எவ்வளவு வேண்டும் என்று சொல்லுங்கள்

கேள்வி: காது கேளாத குழந்தைகளுக்குக் காதொலிக் கருவி வாங்கித் தர எங்கள் அமைப்பு ஓர் இசை நிகழ்ச்சி நடத்துகிறது. நன்கொடை கேட்டு 300 பேருக்குக் கடிதம் அனுப்பினோம். பணம் அனுப்பியவர்கள் 11 பேர்தான். கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். மக்களின் மனம் ஏன் இப்படிக் கல்லாகிவிட்டது?

பதில்: கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மக்களின் மனதைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்த இரண்டு பக்கத்தையும் நீங்களே ஒருமுறை, முன்பின் தெரியாதவர் படிப்பதுபோலப் படித்துப் பாருங்கள். முதல் பக்கம் முழுக்க அமைப்பு எப்போது தொடங்கியது, தலைவர் யார், செயலாளர் யார், என்னென்ன கேடயம் வாங்கியது என்பதே. குழந்தைகள் தலைகாட்டுவது இரண்டாம் பக்கத்தின் நடுவில். அதுவும் 'பயனாளிகள்' என்ற பெயரில். கடைசி வரி: 'தங்கள் மேலான ஆதரவை நல்கி விழா சிறக்க உதவுமாறு வேண்டுகிறோம்.' ஆதரவு என்றால் பணமா, நேரில் வருவதா, வாழ்த்துச் செய்தியா? பணம்தான் என்றால் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்குக்கு? ஒன்றுமே இல்லை. இதைப் படித்துவிட்டும் பணம் அனுப்பிய அந்த 11 பேரையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

பணம் கேட்கக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. ஆனால் நீங்கள் உங்களுக்காகக் கேட்கவில்லையே. ஒரு கருவிக்கு இவ்வளவு, இரண்டு காதுக்கும் சேர்த்து இவ்வளவு, ஒரு குழந்தைக்கு ஒரு வருடத்துக்கான பேட்டரிக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். படிக்கிறவர் தன் சக்திக்கு ஏற்றதை எடுத்துக்கொள்வார். பேட்டரியை விட்டுவிடாதீர்கள். சின்னத் தொகையும் உதவும் என்று தெரிந்தால் கொடுப்பவர்கள் கூடுவார்கள். 1976ல் அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி, டேவிட் ஷ்ரோடர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புற்றுநோய்ச் சங்கத்துக்காக வீடு வீடாக நன்கொடை கேட்டபோது, 'ஒரு காசு கொடுத்தாலும் உதவும்' என்ற ஒரு வரியைச் சேர்த்துச் சொன்னார்கள். பத்துக்கு மூன்று பேர்கூடக் கொடுக்காத இடத்தில் பாதிப் பேர் கொடுத்தார்கள். தனித்தனியே கொடுத்த தொகையும் அதனால் சுருங்கிவிடவில்லை.

அடுத்தது உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்தப் புள்ளிவிவரப் பத்தி. அதை எடுத்துவிட்டு ஒரே ஒரு குழந்தையைப் பற்றி எழுதுங்கள். டீச்சரின் உதட்டையே பார்த்துப் பாடம் கேட்கும் சிறுமி ஒருத்தி இருப்பாள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நிமிடமே அவளுக்குப் பாடம் நின்றுவிடும். பக்கத்துப் பெண் நோட்டைத் திறந்தால் இவளும் திறப்பாள், எந்தப் பக்கம் என்று தெரியாமலே. இப்படி நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதினால் போதும். 2007ல் வெளியான ஓர் ஆய்வில் பால் ஸ்லோவிக் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும், மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியைப் பற்றிச் சிலரிடமும், லட்சக்கணக்கானோரின் பசியைப் பற்றிய எண்களை வேறு சிலரிடமும் கொடுத்து நன்கொடை கேட்டார்கள். சிறுமிக்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதோ, சிறுமிக்கு மட்டும் கிடைத்ததைவிடக் குறைந்துவிட்டது. எண்கள் வேண்டும் என்பவர் கேட்டால் தனியே அனுப்புங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எழுதாதீர்கள், குழந்தையின் பெயரை மாற்றுங்கள், அழுகிற முகத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள். நாளைக்கு அந்தக் குழந்தை வளர்ந்து இந்தக் கடிதத்தைப் படித்தால் தலைகுனியக் கூடாது.

அப்புறம், 300 பேருக்கும் ஒரே 'அன்புடையீர்' எதற்கு? உறுப்பினர்கள் உட்கார்ந்து, யாருக்கு யாரைத் தெரியும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதி, கீழே இரண்டு வரி கைப்பட எழுதினால் கடிதம் குப்பைக்கூடைக்குப் போகாது. முதலில் யாரிடம் கேட்பது என்பதற்கு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு பாதிரியாருக்குச் சொன்ன யோசனை இன்றைக்கும் பொருந்தும்: நிச்சயம் கொடுப்பார் என்று தெரிந்தவரிடம் முதலில் போங்கள், சந்தேகமானவரிடம் அந்தப் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள், கொடுக்கவே மாட்டார் என்று நினைப்பவரையும் விடாதீர்கள், அவரில் சிலரை நீங்கள் தப்பாக எடைபோட்டிருக்கலாம்.

நிகழ்ச்சிச் செலவு போக எவ்வளவு பணம் குழந்தைகளுக்குச் சேரும் என்பதையும், ரசீது உண்டா, வரிவிலக்கு உண்டா என்பதையும் எழுதிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

1885ல் சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்குப் பணம் இல்லாமல் வேலை நின்றபோது, ஜோசப் புலிட்சர் தன் பத்திரிகை வழியாக ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். கொடுத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். பெரும்பாலோர் ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்தவர்கள். அத்தனை பேரின் பெயரையும் பத்திரிகையில் அச்சிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். உங்களுக்குப் பணம் அனுப்பிய 11 பேருக்கு நன்றிக் கடிதம் போய்விட்டதா? உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்றைக்கே உட்கார்ந்து அந்த 11 கடிதத்தை எழுதுங்கள். மீதி 289 பேருக்கு அதற்கப்புறம் எழுதலாம்.