வேலை முடிந்து மிஞ்சும் அரைமணியில் கிரிட்டா: கேள்வியும் பதிலும்

கே: வங்கி வேலை. இரவு ஒன்பதரைக்கு மேல் அரைமணி நேரம்தான் கிடைக்கிறது. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளைத் திறந்தாலே எத்தனை பட்டன், எத்தனை பேனல்! எதிலிருந்து தொடங்குவது, அக்கா?

ப: பட்டன்களை விட்டுவிடுங்கள். ஒரு படத்தை முடிக்கப் பழகுங்கள். காகிதத்தில் உங்களுக்கு ஏற்கெனவே நன்றாக வரும் பொருளாக எடுங்கள்: எவர்சில்வர் டம்ளர், செம்பருத்தி, எதுவானாலும் சரி. புதிய பொருளையும் புதிய மென்பொருளையும் சேர்த்துப் பழகினால் பிழை கையிலா கருவியிலா என்றே புரியாது.

வாரத்துக்கு ஒரு படம் போதும். முதல் இரவு பென்சில் வரைவு, அடுத்த இரவு அதன்மேல் புது லேயரில் (கண்ணாடித் தாள் போன்ற அடுக்கில்) கோடு, மூன்றாவது இரவு அடிநிறம், நான்காவது இரவு நிழல், ஐந்தாவது இரவு பிஎன்ஜி படக்கோப்பாக எக்ஸ்போர்ட். அந்த ஐந்தாம் இரவைத் தள்ளிப்போடவே கூடாது. பாதியில் நிற்கும் பத்துப் படங்களால் வரைவு மட்டும்தான் பத்து முறை பழகும். நிறமும் நிழலும் பழகாது.

விசைகளில் முதல் வாரத்துக்கு ஆறு போதும். பி என்றால் தூரிகை, இ என்றால் அழிப்பான். ஷிஃப்டை அழுத்தி இழுத்தால் தூரிகையின் அளவு மாறும். கண்ட்ரோல் அழுத்திச் சொடுக்கினால் படத்திலிருந்தே நிறம் எடுக்கலாம். ஸ்பேஸை அழுத்தி இழுத்தால் கான்வாஸ், அதாவது வரையும் பரப்பு, நகரும். ஆறாவது, தெரிந்த கண்ட்ரோல் இசட். வேறெது வேண்டுமென்றாலும் மெனுவில் துழாவாமல் கண்ட்ரோல் என்டர் அழுத்தி வரும் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டுங்கள். அரைமணியில் பத்து நிமிடம் மிச்சமாகும்.

கே: நிறைய வீடியோ பார்க்கிறேன். மறுநாள் ஒன்றும் நினைவில் இல்லை.

ப: பார்க்கும்போது புரிவது கைக்கு வந்ததாகாது. ஒரு வீடியோவில் ஒரே ஒரு உத்தியை எடுங்கள், உதாரணமாக, ஏற்கெனவே நிறம் உள்ள இடத்தில் மட்டும் வரைய விடும் ஆல்ஃபா லாக். அதை உங்கள் படத்திலேயே செய்து பாருங்கள். மறுநாள் வீடியோவைத் திறக்காமல் நினைவிலிருந்து மறுபடி செய்யுங்கள். எங்கே தடுக்கிறதோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள்.

கே: டேப்லட் பலகையில் பேனாவை அழுத்தினாலும் மெதுவாகத் தொட்டாலும் ஒரே தடிமன்தான். பேனா கெட்டுவிட்டதா, மேடம்? விண்டோஸ் கணினி.

ப: பெரும்பாலும் பேனாவில் கோளாறு இருக்காது. முதலில் தூரிகையைப் பாருங்கள். 'பேசிக்-5 சைஸ்' அழுத்தத்துக்கு ஏற்பத் தடிக்கும். எல்லாத் தூரிகைகளும் அப்படியல்ல. மேல்பட்டையில் பேனா அழுத்தத்துக்கான பட்டன் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு செட்டிங்ஸ், கான்ஃபிகர் கிரிட்டா, டேப்லட் செட்டிங்ஸ். அங்கே பேனாவின் அழுத்தத்தைப் படிக்க வின்டேப், விண்டோஸ் இங்க் என இரண்டு வழிகள் இருக்கும். இப்போது இருப்பதை விட்டு மற்றதைத் தேர்ந்தெடுத்து, கிரிட்டாவை மூடித் திறங்கள். மூடாமல் மாற்றம் வேலை செய்யாது. அதே பக்கத்தில் இருக்கும் டேப்லட் டெஸ்டரில் கீறிப் பார்த்தால் அழுத்தம் வந்து சேர்கிறதா என்று தெரியும். அங்கும் வரவில்லையென்றால் டிரைவர், அதாவது டேப்லட்டை இயக்கும் மென்பொருள்தான் சிக்கல். பழைய டேப்லட்டின் டிரைவர் கணினியில் கிடந்தால் இரண்டும் மோதும், பழையதை நீக்குங்கள்.

கே: நடுவில் திடீரென்று தூரிகை வரையவே மாட்டேன் என்கிறது.

ப: தொடங்குபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மூடிவைத்துவிட்டுப் போகிறார்கள், அதனால் வரிசையாகச் சொல்கிறேன். கை தவறி இ விசை பட்டு அழிப்பான் நிலைக்குப் போயிருக்கலாம்; மறுபடி இ அழுத்துங்கள். எங்கோ சிறிய செலக்ஷன் (தேர்ந்தெடுத்த பகுதி) மிச்சமிருந்தால் அதற்கு வெளியே எதுவும் விழாது. கண்ட்ரோல் ஷிஃப்ட் ஏ அழுத்தினால் நீங்கும். லேயரின் கண் குறி அணைந்திருக்கலாம், பூட்டு விழுந்திருக்கலாம். ஆல்ஃபா லாக் போட்ட காலி லேயரிலும் ஒன்றும் விழாது, ஏனென்றால் ஏற்கெனவே நிறம் உள்ள இடத்தில் மட்டுமே அது வரைய விடும்.

கே: நிறம் நிரப்பினால் கோட்டுக்கு ஓரமாக வெள்ளை இழை தெரிகிறது. சில இடத்தில் படம் முழுக்க வழிந்துவிடுகிறது.

ப: கோட்டின் விளிம்புப் புள்ளிகள் முழுக் கறுப்பல்ல, பாதி ஊடுருவும் தன்மை கொண்டவை. நிரப்பும் கருவி அவற்றையும் கோடு என்று எண்ணி முன்னாலேயே நின்றுவிடுகிறது. கோட்டு லேயருக்குக் கீழே நிற லேயர் ஒன்றை வைத்து, அதில் நின்று நிரப்புங்கள். கருவியின் அமைப்புகள் இருக்கும் டூல் ஆப்ஷன்ஸில் எல்லா லேயர்களையும் பார்த்து நிரப்பும்படி மாற்றி, நிறத்தைச் சற்று விரிக்கும் குரோ மதிப்பை 2 பிக்சல் வையுங்கள். நிறம் கோட்டுக்கு அடியில் நுழைந்து இழை மறையும்.

வழிவது கோட்டில் இடைவெளி இருப்பதால். அதே நிறத்தில் நிற லேயரில் ஒரு சிறு கீற்றால் அந்த இடைவெளியை அடைத்துவிட்டு நிரப்புங்கள். கோட்டைத் தொட வேண்டியதில்லை.

கே: கோடு நடுங்குகிறது.

ப: தூரிகையின் டூல் ஆப்ஷன்ஸில் கோட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசரைக் குறைந்த அளவில் போடுங்கள். மிகக் கூட்டினால் கோடு பின்தங்கி வரும், கூர்முனைகள் மழுங்கும். அதைவிடப் பெரிய உதவி, 4, 6 விசைகளால் கான்வாஸைச் சுழற்றிக் கை இயல்பாகப் போகும் திசையில் இழுப்பது. 5 அழுத்தினால் நேராகிவிடும்.

கே: 4 ஜிபி ரேம் மடிக்கணினி. திணறுகிறது, அண்ணன் புதுசு வாங்கச் சொல்கிறார்.

ப: பழக இதுவே போதும். ஏ4 அளவு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480 × 3508 பிக்சல்; 8 பிட் நிற ஆழத்தில் முழுக்க நிரம்பிய ஒரு லேயருக்கு ஏறக்குறைய 35 எம்பி. 16 பிட்டில் அது இரு மடங்கு, 600 டிபிஐ வைத்தால் நான்கு மடங்கு. பயிற்சிக்கு 2000 × 2000, 8 பிட் வையுங்கள்: லேயருக்கு 16 எம்பிதான். முடிந்த லேயர்களை ஒன்றாக இணைத்துவிடுங்கள். இணைக்கும் முன் கண்ட்ரோல் ஆல்ட் எஸ் அழுத்தினால் புதிய எண்ணோடு தனிப் பிரதி சேமிக்கப்படும்.

கே: போட்டோஷாப் பழகிய கை. விசைகள் குழப்புகின்றன.

ப: கீபோர்டு ஷார்ட்கட்ஸில் போட்டோஷாப் திட்டம் இருக்கிறது. அதோடு நிறுத்தாமல் கான்வாஸ் இன்புட் செட்டிங்ஸிலும் அதே பெயருள்ள தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் குழம்புகிறார்கள்.

கே: எனக்குக் கோலம் மட்டும் போட வேண்டும். அதற்கும் இவ்வளவு பழக வேண்டுமா, அக்கா?

ப: வேண்டாம், கோலத்திலிருந்தே தொடங்குங்கள், அருமையான பயிற்சி. புள்ளிகளைத் தனி லேயரில் வைத்துப் பூட்டிவிடுங்கள். மேலே இன்னொரு லேயர், கியூ விசையில், ஒரே இழுப்பில் பல கோடு போடும் மல்டிபிரஷ். டூல் ஆப்ஷன்ஸில் வகை சிமெட்ரி. சதுரப் புள்ளிக் கோலத்துக்கு எண்ணிக்கை 4, பூக்கோலத்துக்கு 8. எண்ணிக்கை 4 என்றால் ஒரு கால்பகுதியை இழுத்தால் மற்ற மூன்றும் தானே வரும். மையம் விலகியிருந்தால் மூவ் ஆரிஜின் பட்டனை அழுத்தி நடுப்புள்ளியில் கொண்டுபோய் வையுங்கள்.